எட்டாம் நம்பர்

உலகம்மாள் பிடிவாதக்காரி. அம்பாசமுத்திரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒரு நாள்கூடப் புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். தபால்காரர் புதிதாக வந்து கேட்டால், சுவரில் மாட்டிய பள்ளிக்கூடப் போட்டோவுக்குக் கீழே எழுதியிருப்பதைக் காட்டுவாள். பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா சொன்ன வேறு எதையாவது கேட்டிருக்கிறாளா என்றால், அதுதான் இல்லை.

புருஷன் மந்திரமூர்த்தி, மேல்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்த வாயால் தன் பேரை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளை இல்லாத வீடு. வேறு எதற்கு ஆசைப்படுவார், பாவம்!

தொண்ணூற்றெட்டில் வீட்டுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது. முன்னறையில் அதில் உலகம்மாள் கேள்வித்தாளும் கல்யாண அழைப்பிதழும் டைப் அடித்தாள். பழையதைப் பின்னறையில் சர்வராக வைத்து, அவள் அடிப்பதெல்லாம் அதில் போய்ச் சேரும்படி மந்திரமூர்த்தி வயர் இழுத்தார்.

சர்வருக்கு ஒரு எண் வேண்டும், ஒரு பேர் வேண்டும். எண்ணைச் சட்டென்று முடித்துவிட்டார். 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒதுக்கியது. அடுத்த இரண்டும் நம் இஷ்டம். அவர்கள் கல்யாணம் ஒன்பதாம் மாதம் எட்டாம் தேதி. ஆகவே 192.168.9.8. பேருக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது. பொதிகை, பாபநாசம், பரணி என்று காகிதத்தில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்.

"ஏளா, முடிவு பண்ணிட்டேன். என் பேரத்தான் வச்சிருக்கேன். டொமைன் பேரு வீடு. மந்திரமூர்த்தி புள்ளி வீடு. இனி கரண்டு போய் வந்தா எது எந்திரிக்கலன்னு நீ பேரச் சொல்லித்தான் ஆகணும்."

"ஆசையப் பாரு!" என்றாள் உலகம்மாள்.

மறுநாளே கரண்ட் போய் வந்தது. முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார்: "ஏளா, எது எந்திரிக்கல?"

"எட்டாம் நம்பர்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சர்வருக்குள் போக அவள் விரல் அந்தப் பேரைத் தினம் பத்துத் தடவை அடித்தது, வாய் மட்டும் மசியவில்லை. ஒரு வருஷம் இதே கூத்து.

"நான் போற அன்னைக்காவது சொல்லுவியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வாயக் கழுவுங்க."

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், கரும்பலகைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது. பொத்திப் பொத்திக் காத்த ஆயுசு அவ்வளவுதான். உலகம்மாள் அழுததைவிட, செத்துப்போன அம்மாவைத் திட்டியதுதான் அதிகம்.

கார்த்திகை மழையில் சர்வரும் படுத்துவிட்டது. மந்திரமூர்த்தி வழக்கமாகக் கம்ப்யூட்டர் சாமான் வாங்கும் கடைக்காரர் காஜா முகைதீன் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வந்து புது டிஸ்க் போட்டார். பழையதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"மதினி, முன்னறை கம்ப்யூட்டர்ல பாத்து பழைய நம்பரையே போட்டுட்டேன். அண்ணாச்சி இதுக்கு என்ன பேரு வச்சிருந்தாவ? இல்ல, சும்மா சர்வர்னு போட்டுரட்டுமா?"

அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவளே அடித்திருக்கலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். இனி யாருடைய ஆயுசைக் காப்பாற்ற?

"மந்திரமூர்த்தி," என்றாள்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன மதினி?"

"மந்திரமூர்த்தி! மந்திரமூர்த்தின்னு போடுங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். காஜா முகைதீன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். உலகம்மாள் முற்றத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தாவ உங்க அண்ணாச்சி," என்றாள். "ஒரு தடவ சொல்லித் தொலச்சிருக்கலாம்."