உள்வட்டத்தில் ஐந்து பெயர்கள்

எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் கூ பிங்-ஹூய் ஒரு கேள்வி கேட்பார்: இதைக் கடைசியாகப் படிக்கப் போகிறவர் யார்? மின்கட்டணக்காரர், தடுப்பூசி போட வந்த செவிலி, கோயில் விழாவுக்குப் பெயர் எழுத வந்தவர் என்று எல்லோரும் அவரிடம் இதற்குப் பதில் சொல்லித் திணறியிருக்கிறார்கள். கீலுங் துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர் அவர். இரும்புக் கயிற்றில் ஒரு இழை நைந்திருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்றபின் அந்த விரல் மனிதர்களைத் தடவ ஆரம்பித்துவிட்டது என்பார்கள் எங்கள் தெருவில்.

வென் யா-ஹான் என்ற இளம்பெண், உளவியல் ஆய்வாளர், தைபேயிலிருந்து வந்தபோது பிங்-ஹூய்க்கு எழுபத்து நான்கு வயது. வயதான காலத்தில் மனம் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கோபமும் துக்கமும் வந்தால் எப்படி ஆறுகிறது, அதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு அது. வட்டாரத் தலைவரின் அலுவலகத்தில், சொட்டும் குடைகளுக்கு நடுவே வென் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதல் கேள்வி கேட்பதற்குள் பிங்-ஹூய் பதினோரு கேள்விகள் கேட்டுவிட்டார். என் பெயர் எப்படிக் கிடைத்தது? குடும்பப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் என்று பதில் வந்தது. குலுக்கியது யார்? கணினி. கணினி யாருடையது? வென் சலிக்காமல் பதில் சொன்னார். அதுவே பிங்-ஹூய்க்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை மட்டும் சந்தோஷமாக அழுத்தினார். எச்சில் எடுக்கும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கடைசியாக ஒரு தாள் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். நடுவில் 'நான்' என்று எழுதியிருந்தது. யார் இல்லாமல் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே முடியாதோ அவர்கள் பெயரை உள்வட்டத்தில் எழுதச் சொன்னார் வென்.

பிங்-ஹூய் பேனாவை வாங்கி ஐந்து பெயர்களை எழுதினார். அம்மா, அண்ணன், மனைவி, தனக்குக் கிரேன் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, லியாவ் கிம்-சுன் என்ற பழைய கூட்டாளி. ஐந்து பேரும் செத்துப்போனவர்கள். வென்னுக்கு அது தெரியாது. காவ்சியுங்கில் இருக்கும் மகளின் பெயரை அவர் எழுதவில்லை. போ-சுவின் பெயரையும் எழுதவில்லை.

சியாம் போ-சு சந்தையில் மீன் சூப் கடை வைத்திருந்தவள். கணவர் இறந்து பதினெட்டு வருடமாகிறது. இவருக்கு மனைவி போய்ப் பதின்மூன்று வருடம். மாலை ஐந்தரைக்குக் குப்பை லாரி பாட்டுப் பாடிக்கொண்டு வரும்போது தெருவே பைகளோடு இறங்கி நிற்கும். பிங்-ஹூயும் பையோடு இறங்குவார். பையை லாரியில் போட்டுவிட்டு, கூட்டம் கலைகிற சாக்கில் போ-சுவின் படிக்கட்டில் ஏறிவிடுவார். அங்கே சாப்பிட்டு, செய்தி பார்த்து, எட்டு மணிக்கு இறங்குவார். லாரி வராத நாட்களிலும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். அதற்குள் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இவ்வளவு மறைப்புக்கும் காரணம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, ராணுவச் சட்ட காலம். அவருக்கு இருபத்து மூன்று வயது. துறைமுக ஓய்வறைக்கு உளவுத்துறைக்காரர் ஒருவர் வந்தார். மரியாதையான ஆள். சிகரெட் கொடுத்தார், உடல்நலம் விசாரித்தார், அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். பிறகு ஒரு நோட்டைத் திறந்து, வேலை முடிந்தால் யாரோடு சாப்பிடுவாய் என்று கேட்டார். கிம்-சுன்னோடு என்று சொன்னார் பிங்-ஹூய். பத்தொன்பது நாள் கழித்துக் கிம்-சுன் வேலைக்கு வரவில்லை. ஆறு ஆண்டுகள் தீவுச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், தெற்கே குடிபோய்விட்டார். தன் ஒரு சொல்லால்தான் அது நடந்ததா என்று பிங்-ஹூய்க்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து உயிரோடு இருக்கும் யாருடைய பெயரையும் அவர் நோட்டு வைத்திருப்பவரிடம் சொன்னதில்லை.

ஆண்டுக்கு ஒருதடவை அதே தாள், அதே ஐந்து பெயர்கள் என்று மூன்று ஆண்டுகள் போயின. நான்காம் ஆண்டில் ஆய்வில் புது ஆட்களைச் சேர்த்தார்கள். வந்தவர்களுக்கு நன்றியாக ஒரு நீலத் துண்டு கொடுப்பது வழக்கம். பிங்-ஹூய் தன் துண்டின் ஓரத்தையல் முழுவதும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டுப் போ-சுவுக்குக் கொண்டுபோனார். அவள் சமையலறைக் கதவில் அதே நீலத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீயும் போனியா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டாங்க, போனேன். அந்தப் பொண்ணு நல்லாப் பேசுது."

"வட்டம் போட்ட தாள் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"யார் பேரை எழுதினே?"

போ-சு சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "மகன் பேரு. அப்புறம் உங்க பேரு. உள்ளே ரெண்டே பேருதான். ஏன், கையெழுத்து நல்லா இல்லைன்னு புகார் வந்துச்சா?"

அவர் உட்காரவில்லை. யாரைக் கேட்டு எழுதினாய் என்றார். தன் மனசைக் கேட்டு என்றாள் அவள். அவர் துண்டை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

மறுநாள் குப்பை லாரி வந்தது. பிங்-ஹூய் பையைப் போட்டுவிட்டு நேராகத் தன் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த நாளும் அப்படியே. தெருவே பார்த்தது. அவருடைய கணக்கு நேரானது: தாள் தைபேயில் இருக்கிறது, அதில் அவள் கையெழுத்தில் தன் பெயர் இருக்கிறது, தங்களுக்குள் போக்குவரத்து இல்லையென்றால்தான் நாளைக்கு யாரும் அவளைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. பதினோரு ஆண்டுகளாகச் சாப்பிட்ட மேசையை அவர் விட்டது கோபத்தால் என்று போ-சு நினைத்தாள். அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவர் நிமிர மாட்டார்.

ஆய்வுக்காக ஒரு மாதம் காலையும் மாலையும் இரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் மாலைக் கணக்கு நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. இப்போது நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்து நான்கு. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார். மருந்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த கருவியோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பிறகு தைபேயிலிருந்து எண்ணை மாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அதில் கம்பியும் இல்லை, சிம் கார்டும் இல்லை என்று கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். அதற்குப்பின் சந்தேகப்பட அவரிடம் மிச்சமிருந்தது தன் உடம்பு மட்டுமே. தலை சுற்றி மாடிப்படியில் ஒருமுறை உட்கார்ந்தும்விட்டார்.

வென்னைத் தொலைபேசியில் அழைத்தார். போ-சுவின் தாளில் இருக்கும் தன் பெயரை அழிக்க வேண்டும் என்றார். அப்படி ஒருவர் ஆய்வில் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தன்னால் சொல்ல முடியாது என்றார் வென். எந்தத் தாளையும் அதை எழுதியவர்தான் மாற்றலாம். அப்படியானால் தாள்கள் இருக்கும் அலமாரியைப் பார்க்க வேண்டும் என்றார் பிங்-ஹூய். வென் சற்று யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

வட்டாரத் தலைவரின் வாயில் எதுவும் நிற்காது; இந்தப் பயணமும் போ-சுவின் காதுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை தைபே ரயிலில் பிங்-ஹூய் ஏறியபோது, எதிர் வரிசையில் போ-சு நீலத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைக்கு என்றாள். இறங்கியதும் அவர் பின்னாலேயே நடந்தாள்.

வென்னின் அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், சாம்பல் நிற இரும்பு அலமாரி. பிங்-ஹூய் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று கைவிட்டுத் தடவினார். வென் அவருடைய கோப்பை மட்டும் எடுத்துக் காட்டினார். மேலே எண்தான் இருந்தது. எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் வேறு அறையில், வேறு சாவியில்.

"ரெண்டு சாவியும் உங்ககிட்டதானே?"

"ஆமா, கூ ஐயா."

"நாளைக்கு அரசாங்கத்துலேர்ந்து ஒரு ஆளு கடிதத்தோட வந்து கேட்டா?"

"தர மாட்டேன்னு சொல்லுவேன். வக்கீலைக் கூப்பிடுவேன்." என்றார் வென். "அதுக்கு மேல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்ற அந்தச் சொல்லை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். சிகரெட் கொடுத்த அந்த மனிதர் ஒருதடவைகூடத் தெரியாது என்று சொல்லவில்லை. அதனால் வென்னை நம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நல்லவளாக இருக்கலாம், அவளை மாற்றிவிட்டு வேறு ஒருவரைப் போட்டால் என்ன செய்வது என்பது அவருடைய அடுத்த கவலை.

அவருடைய கோப்பு இன்னும் மேசைமேல் திறந்தே இருந்தது. போ-சு எட்டிப் படித்தாள். அந்த ஐந்து பேரைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். இரண்டு பேரின் சவ ஊர்வலத்தில் நடந்தும் போயிருக்கிறாள். உள்வட்டத்தை நகத்தால் தொட்டாள்.

"ஹூய் அண்ணே, இதுல உசுரோட யாருமே இல்லியே."

"உசுரோட இருக்கறவங்களை எழுத மாட்டேன். எழுதினா வந்து கேட்பாங்க."

"அப்போ நான் செத்தாத்தான் இதுல வருவேனா?"

வென் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். போ-சு, தன் தாளில் எதையும் அழிக்கப் போவதில்லை என்று வென்னிடம் சொன்னாள். யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும். எழுபது வயதில் தன்னைக் கொண்டுபோய் எந்தத் தீவில் வைப்பார்கள், அங்கே சூப் வைக்க அடுப்பு இருக்குமா என்றும் கேட்டாள். பிங்-ஹூய் மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசு என்றார்.

அந்த ஆண்டும், அடுத்த ஆண்டும் அவர் தாளில் அதே ஐந்து பெயர்கள்தான். ஆனால் தைபே போய்வந்த மறுநாள், லாரி கிளம்பியதும் அவர் போ-சுவின் படிக்கட்டில் ஏறினார். இந்தத் தடவை ஒரு திட்டத்தோடு போயிருந்தார். அவள் அவர் பெயரை எழுதியது எழுதியதுதான். அழிக்க முடியாதென்றால், வந்து கேட்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றாவது அவளுக்குக் கற்பித்துவிட வேண்டும். அவள் இரண்டு கிண்ணங்களில் சூப்பை ஊற்றினாள். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"யாராவது வந்து, கூ பிங்-ஹூயைத் தெரியுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"தெரியும்னு சொல்லுவேன்."

"எத்தனை வருஷமா?"

"நாப்பது வருஷமா."

"தப்பு. கடைக்கு சூப் குடிக்க வர்றவரு, வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும்."

"கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சே. எந்தக் கடைன்னு கேட்டா?"

அதை அவர் யோசிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஆறுது, குடியுங்க என்றாள் அவள். அவர் இரண்டு வாய் குடித்தார்.

"சரி, முதல்லேர்ந்து வருவோம்," என்றார். "கதவைத் தட்டுறாங்க. நீ உடனே திறக்கக் கூடாது."