குன்னி மீனில்லை

துறைமுகத்தில் கப்பலுக்குப் போட்ட பலகையில் மூட்டையோடு ஏறும்போது என் நைனாவின் கால்கள் மடங்கிய வருஷம் எனக்கு ஏழு வயது. ரேஷனில் அரிசி கைப்பிடியளவுதான் வரும். ராயபுரத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அது போதாதென்று ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தபசு காலம் வேறு. என் காய்ச்சல் தெளிந்ததற்காக ஈஸ்டர் வரை மீனைத் தொடமாட்டேன் என்று நைனா மாதா கோயிலில் சத்தியம் செய்திருந்தார். கறியெல்லாம் கண்ணால் பார்ப்பதோடு சரி. மீனும் போனபின் காலையில் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு.

மூன்றாம் வாரமே மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நாளில் பழையபடி தூக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று மேஸ்திரி கெடு வைத்தார். அம்மா தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய் நின்றாள்.

"ஆளுக்கு நோவு ஒண்ணும் இல்லம்மா. கிழங்கு வயித்த ரொப்பும், சதைக்கு ஒண்ணும் பண்ணாது. மீனு, பருப்பு எதுனா குடு" என்றார் அவர். பருப்பு விற்ற விலைக்கு அது கேலிதான்.

மறுநாள் அம்மா எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை நடந்தே போய் ஒரு பை சென்னாகுன்னி வாங்கி வந்தாள். காய்ந்த பொடி இறால், நகக்கண் அளவுதான் இருக்கும். அதை வறுத்து, இடித்து, மிளகாயோடு கிழங்கில் பிசைந்தாள்.

நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "நைனா சத்தியம் பண்ணிக்கீறாரேம்மா?"

"மீனுக்குத்தானே பண்ணாரு? குன்னி மீனா? செதிலு கீதா, முள்ளு கீதா? வாயத் தொறந்த, அறைவேன்."

எந்த வக்கீலும் அப்படி வாதாடியிருக்க மாட்டார். அன்று நைனா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் சற்று நிறுத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு, "கிழங்கு இன்னிக்கு நல்லா கீது. இன்னும் கொஞ்சம் வை" என்றார். அப்புறம் தினமும் அதையேதான் சொன்னார்.

கெடு நாளன்று தெருமுனையிலேயே கூச்சல் கேட்டது. கூட வேலை செய்பவர்கள் நைனாவைத் தோளில் தூக்கி வந்தார்கள். மேஸ்திரி காட்டிய மூட்டையோடு பலகை ஏறி இறங்கிவிட்டு, "இன்னொண்ணு குடு மேஸ்திரி" என்று கேட்டு வாங்கித் தூக்கினாராம்! நான் குதித்த குதியில் பாவாடை கிழிந்தது. எப்படி முடிந்தது என்று எல்லோரும் கேட்டபோது நைனா, "எல்லாம் எங்க வூட்டுக் கிழங்குதான்" என்றார். நானும் அம்மாவும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நைனாவை ஏமாற்றியே ஜெயிக்க வைத்துவிட்டோம் என்று ரொம்ப காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நைனா கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னாகுன்னி வறுத்தால் வாசம் இரண்டு தெரு தாண்டும். எங்களுடையதோ ஒற்றை அறை வீடு. அவருக்கும் ஒரு மூக்கு உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை.