படத்தில் வழிந்த பால்

புலாவ் செபாங்கில் ரயிலைவிட்டு இறங்கி, மலையடிவாரத்துச் சிற்றூருக்குப் பஸ் ஏறியபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுபவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை, விரலிடுக்குகளில் கழுவியும் போகாத பால்கறை. இருவருக்கும் லீவு நாள். ஊர் சுற்றத் துணையானோம்.

அந்த ஊரில் தெருவுக்கு இரண்டு படக்கடை, மரச்சிற்பக் கடை. நான் வாய் பிளந்து நடந்தேன். அவரோ எந்த மரத்தைக் கண்டாலும் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். கோயில் அரசமரத்தையும் விடவில்லை. மலையை மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஒரு கடை வாசலில் ஓவியர் ஒருவர் மலையையும் அதன் கீழே ரப்பர்த் தோட்டத்தையும் வரைந்துகொண்டிருந்தார். தோட்டத் துரை வீட்டுக்காம், மறுநாளே கொடுக்க வேண்டுமாம். பிரமாதம் என்றேன் நான். இவர் படத்தருகே மூக்கைக் கொண்டுபோனார்.

“அண்ணே, மரத்துல பால் சீவுற கோடு தப்பா இருக்கு. எடது பக்கம் ஒசந்து வலது பக்கம் எறங்கணும். தொர பாத்தா சிரிப்பாரு.”

ஓவியருக்கு முகம் சிவந்தது. “நீ என்ன, படம் வரையறவனா?”

“இல்லண்ணே. தெனம் முந்நூறு மரம் சீவுறவன் லா.”

ஓவியர் அவருடைய விரல்களையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கோட்டைத் துடைத்துத் திருப்பிப் போட்டு, அதில் வெள்ளையாகப் பாலும் வழியவிட்டார்.

“இப்ப சரியா?”

“சரிதாண்ணே. சுருக்கா அடியில ஏந்திப் புடிக்க மங்கு வைங்க, பால் தரையில போவுது.”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே பதறினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓவியர் மட்டும் அவசர அவசரமாகத் தூரிகையை எடுத்தார்.