பூவராகவன் மாமாவும் இரண்டு கிராம் பாதரசமும்

என் அக்கா செண்பகத்தின் புருஷன் பூவராகவன் மாமாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. தெருவில் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தினாலே கட்டிலில் சாய்ந்துவிடுவார், தந்தி எதிர்வீட்டுக்கு வந்ததாக இருந்தாலும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் லேப் உதவியாளர்.

எழுபத்து நாலில் அவர்கள் குழந்தைக்கு எட்டு மாதம். ஒருநாள் அதற்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. மாமா லேபில் இருந்த நீளமான ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஓடிவந்தார். குழந்தை கையை வீசியதில் அது தரையில் விழுந்து உடைந்து, பாதரசம் முத்து முத்தாக உருண்டு சிமெண்டு வெடிப்புகளில் ஒளிந்துகொண்டது.

குழந்தைக்குக் காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. மாமாவுக்குத்தான் ஏறியது.

பாதரசம் விஷம் என்று அவர் பயந்ததில் தப்பே இல்லை. தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அதன் ஆவியும் ஆகாது. அட்டையால் வழித்தெடுத்தார், கந்தகப் பொடி தூவி அள்ளினார், ஜன்னல்களைத் திறந்துபோட்டார். அதோடு விட்டிருக்கலாம். கணக்குப் போட உட்கார்ந்தார். ரசாயனக் கணக்கில் இருநூறு கிராம் பாதரசம் ஒரு மோல். ஒரு மோலில், ஆறு போட்டு இருபத்து மூன்று சைபர் போட்டால் வருகிற அத்தனை அணு. சிந்தியது இரண்டு கிராம், அதாவது மோலில் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே ஆறு கோடி கோடி கோடி அணு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அள்ளியாயிற்று என்றாலும் மீதி ஆறு லட்சம் கோடி கோடி.

"கொயந்த தவழ்ற எடத்துல அவ்ளோ பேரு குந்திக்கினு இருக்கான், செண்பகம்!"

அன்றைக்கே அக்காவையும் குழந்தையையும் ஊத்துக்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். தரை சுத்தமானதும் கூப்பிடுவாராம்.

தரை சுத்தமாகவே இல்லை. தேய்த்தார், கழுவினார், வெடிப்புகளைச் சுரண்டிப் புதுச் சிமெண்டு பூசினார். அந்த மீதியிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தங்கியிருக்கும் என்று வைத்தாலும் அறுநூறு கோடி கோடி வந்தது. எத்தனை சைபரை அடித்தாலும் அந்த எண் தீரவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார், குழந்தையைத் தொடமாட்டார். சட்டையில் ஒட்டியிருக்குமாம். முருங்கை மரத்தடியிலேயே நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். முதலில் நான் கேலி செய்து சிரித்தேன். போகப்போகக் கேலியை விட்டு, பஸ் வரைக்கும் கூடப் போய்வரத் தொடங்கினேன்.

நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாள் அக்கா. ஒரு ஞாயிறு முருங்கை மரத்தடிக்கே போய் மாமா எதிரில் நின்றாள். "அத்தினியும் தராசுல வச்சா இன்னா எடை வரும்? அத்தச் சொல்லுங்க மொதல்ல."

மாமா அணுவை மோலாக்கி, மோலைக் கிராமாக்கி, உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். அந்தப் பக்கமாக அவர் ஒருதரம்கூடக் கணக்குப் போட்டதில்லை.

"ஒரு கடுகுல... நூத்துல ஒரு பங்கு," என்றார்.

"அந்தத் தூசுக்கா எங்கள இங்க உட்டுட்டு இம்மாம் பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க? கெளம்புங்க, ஊட்டுக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். குழந்தைக்கு அதற்குள் நடை வந்திருந்தது. அக்கா அதை அந்தத் தரையில் இறக்கிவிட்டாள். மாமா குளித்து, துவைத்த சட்டை மாட்டிக்கொண்டு வந்து, எதிரே குந்தி இரண்டு கையையும் நீட்டினார்.

"நைனாகிட்ட வா கண்ணு."

குழந்தை அவரைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழுது, ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் மாமா அப்படியே இருந்தார்.

"நான் தரைக்குத்தான்டா பயந்தேன்," என்றார் என்னிடம்.