நேரில் சென்று பார்த்தேன்

"உள்ளே ஆள் இருக்கு" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

அவள் டேப்பின் நுனியைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். "எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்குங்க. அது போதும்."

"கையெல்லாம் சோப்பு."

"பரவாயில்ல, இரும்பு டேப்புதான்."

தரையில் உரசிக்கொண்டே போய் டேப் நின்றது. ஏழடி நாலங்குலம். சமையலறை வாசலில் நின்ற வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாரும் கேட்பதைக் கேட்டாள்.

"எவ்வளவு போகும்?"

"நான் சொல்லக் கூடாதுங்க. மதிப்பீட்டாளர்தான் சொல்லணும்."

"அவர் வரலையா?"

"கீழே இருக்கார்."

அவர் கீழே இல்லை. மூன்று தெரு தள்ளி, அலுவலகத்தில் ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய அக்கா புருஷன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, பாதி கட்டிய வீடொன்றில் கைப்பிடி வைக்காத மாடிப்படியிலிருந்து அவர் விழுந்தார். முழங்கால் போயிற்று. அவள் அப்போது ரிப்போர்ட் டைப் செய்யச் சேர்ந்து நாற்பது நாள். "ஒரு வாரம் நீ போய் அளந்துட்டு வா" என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. கால் ஓரளவு தேறிய பிறகும் அவர் கிளம்பவில்லை. அவள் ஒரு நாளில் மூன்று வீடு பார்த்துவிடுவாள். அவரால் ஒன்றுதான் முடியும். வீட்டுக் கடனுக்காக ரிப்போர்ட் கேட்கும் பேங்குக்கு அவசரம்.

போகப் போக அவளுக்கு வேலை பிடிபட்டது. நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. பீரோவை நகர்த்தச் சொன்னதும் முகம் மாறினால் பின்னால் ஈரம். பகலில் விளக்கெரியும் அறையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும். யார் வீட்டுக்குப் போனாலும் அவளால் சும்மா உட்கார முடியாமல் போயிற்று. காவலாளிகள் அவளை 'டேப்' என்றே கூப்பிட்டார்கள். "டேப் வந்திருக்கு, கேட்டைத் திற."

போவாள், அளப்பாள், படம் எடுப்பாள், டைப் செய்வாள். அக்கம்பக்கத்து வீடுகள் விற்ற விலையை வைத்து அத்தான் மதிப்புப் போட்டுக் கையெழுத்திடுவார். ஆயிரத்துச் சொச்சம் வீடுகள்.

வீட்டு வசதித் துறையில் ஆய்வாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. ஒரு கட்டடத்தில் மனிதர்கள் குடியிருக்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. விலை சொல்ல வேண்டாம். அதை அவள் நாலு தடவை படித்தாள். மதிப்பீட்டாளர் லைசென்ஸ் இருக்க வேண்டும், அல்லது அதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு, பார்த்த வீடுகளில் இருநூறைப் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் லைசென்ஸ் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கி, ரிப்போர்ட் நகல்களை இணைக்க வேண்டும். வேலைக்கு மனுப் போடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மூன்று வாரமாக உட்கார்ந்து இருநூறு வீடுகளை எழுதி முடித்திருந்தாள்.

வியாழன் மத்தியானம் பதிவேட்டை அத்தான் முன்னால் வைத்தாள். அவர் பேனாவைத் திறந்தார். முதல் வரியைப் படித்தார். பேனாவை மூடினார்.

"இந்த வீட்டு ரிப்போர்ட்டை எடு. மூணாம் பக்கம் படி."

"இந்தச் சொத்தை நான் நேரில் சென்று பார்த்து அளந்தேன்."

"நான்னா யாரு?"

"நீங்க."

"டைப் பண்ணது?"

அவள் ரிப்போர்ட்டை மேஜை மேல் வைத்தாள்.

"நீ போய்ப் பார்த்தேன்னு இதுல நான் கையெழுத்துப் போட்டா, அதுல போட்டது பொய்யாயிடும். ரெண்டும் ஒரே கவர்லதான் போகுது. முதல்ல என் லைசென்ஸைப் பிடுங்குவான். பிடுங்குனவன் கையெழுத்தை வச்சு உனக்கு எவன் குடுப்பான்? சுவர் இருந்தாத்தானேம்மா சித்திரம்."

"அப்ப அஞ்சு வருஷமா நான் என்ன பண்ணேன்?"

"டைப் பண்ணே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. காகிதத்தில் இருப்பதைச் சொன்னார்.

அக்கா சாப்பாட்டுடன் உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்து என்ன என்றாள். சொன்னார்கள்.

"நல்லா இருக்கு! ஊமை கண்ட கனா மாதிரி ஊர் வீடெல்லாம் பார்த்திருக்கா. இத்தனை வருஷத்துல ஒருத்தர் மூளைக்கும் இது எட்டலையா?"

"எட்டுச்சு" என்றார் அத்தான். "எனக்கு ரெண்டாம் மாசமே எட்டுச்சு."

அக்கா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"சொன்னா நீ போயிருப்பே."

மின்விசிறி சுற்றியது. பதிவேட்டின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. அவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"நடந்ததை எழுதி லைசென்ஸ் குடுக்கிற போர்டுக்கு நானே அனுப்புறேன்."

"அனுப்பு" என்றாள் அக்கா. "அப்புறம் நாம மூணு பேரும் தெருவுல நிப்போம். அதையும் நீயே அளந்துக்கோ."

அனுப்ப மாட்டாள் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அவள் பதிவேட்டை மூடினாள்.

"அந்த வரியை இனிமே நான் டைப் பண்ண மாட்டேன் அத்தான். வேணும்னா நீங்க என்கூட வாங்க. ரெண்டு பேரும் பார்த்தோம்னு எழுதறேன்."

"மாடி வீடுன்னா?"

"நின்னு நின்னு ஏறுங்க."

"அடியே, அவரைக் கொல்லப் போறியா?"

"விடு" என்றார் அத்தான். "இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன். உனக்குத்தான் லாபம்."

யாரும் சிரிக்கவில்லை. மூவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மூன்று வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. முதல் வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒன்பதே காலுக்கு ஏற ஆரம்பித்தார்கள். இரண்டாவது மாடியில் யாரோ நாற்காலி கொடுத்தார்கள். பத்தே காலுக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள். அவள் அளக்க, அவர் குறித்துக்கொண்டார். ஹாலில் புது வண்ணம் அடித்த சுவரை அவள் சொல்வதற்கு முன்பே அவர் தட்டிப் பார்த்தார். இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்ற இரண்டு வீடுகளுக்கும் போகவில்லை. பேங்க் மேனேஜர் போன் செய்து, இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அக்கா ஐஸ் வாங்கி வந்து அவருடைய முழங்காலில் வைத்தாள். புதுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி அவள் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டு வசதித் துறையில் ஐந்து மணியோடு மனு வாங்குவதை முடித்துக்கொண்டார்கள். ஐந்தரைக்கு அவள் ரிப்போர்ட்டை டைப் செய்து முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, அலுவலகப் படியில் அத்தானுக்குத் தோள் கொடுத்து இறங்கினாள்.