சத்தமாக வாசிக்க அனுமதி இல்லை

முப்பது வருடத்துக்குக் கிட்டக் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். சிங்களத்தில் வரும் கேள்வியைத் தமிழிலும், தமிழில் வரும் பதிலைச் சிங்களத்திலும் சொல்லி, நீதவானிடமும் சட்டத்தரணிகளிடமும் மாறி மாறி ஏச்சு வாங்கி, ஒரு நாளும் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று வாய் திறக்காமல் ஓய்வு பெற்றவள். அந்தப் பெருமையெல்லாம் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி அறையில் ஒரே நாளில் போயிற்று. என் மூன்றாவது புத்தகத்தை மின்னூலாக்க நான் ஏறிப்போன இடம் அது.

“எந்த ஃபோமற்றிலை போடுவம் அன்ரி?” என்று கேட்டாள் அந்த அறையை நடத்துகிற பெண். கலியாணக் காட், இறந்தவரின் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், பாடசாலை மலர் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் வடிவமைப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைகள் கீபோர்ட்டிலிருந்து எழும்பியதை அன்று நான் காணவில்லை.

“வாசிக்கக்கூடிய ஃபோமற்றிலை போடுங்கோ,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “பிடிஎவ் எண்டால் பக்கம் அப்பிடியே நிக்கும் அன்ரி. ஈபப் எண்டால் எழுத்து ஓடும்.”

“எங்கை ஓடும்?”

“போனுக்கு ஏத்த மாதிரி ஓடும். எழுத்தைப் பெரிசாக்கினால் பக்கம் கூடும். சின்னனாக்கினால் குறையும்.”

“அப்ப என்ரை புத்தகம் எத்தினை பக்கம்?”

“அது சொல்லேலாது.”

எனக்குக் கோபம் வந்தது. பக்க இலக்கம் இல்லாமல் நீதிமன்றத்தில் ஒரு துண்டுக் காகிதமும் நகராது. நான் எழுதியதோ நீதிமன்றத்தைப் பற்றிய புத்தகம். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நான் கண்டதும் கேட்டதும். அதற்கு எத்தனை பக்கம் என்று எனக்கே சொல்ல முடியாதாம். வாசிக்கிறவரின் கைக்குத் தக்கபடி அது தடிக்குமாம், மெலியுமாம். அவள் பொறுமையாக மூன்று தரம் விளக்கினாள். மூன்றாம் தரம் விளங்கியது போலத் தலையாட்டினேன். படி இறங்குமுன் அது மறந்துவிட்டது.

இவ்வளவு பாடும் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் அண்ணாவுக்காகத்தான்.

அண்ணா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். அச்சுக்குப் போகுமுன் பிழை பிடிப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. என் முதல் இரண்டு புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதியிலேயே வாசித்தவர் அவர். வாசித்தவர் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். சிவப்புப் பேனையால் கிழித்துப் போட்டவர் என்பதே சரி. ‘இந்த வசனம் ஆருக்கு?’ என்று ஓரத்தில் எழுதுவார். ‘நீ நல்லவள் எண்டு காட்டவோ?’ என்று இன்னோரிடத்தில். முதல் புத்தகத்தின்போது இரண்டு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். பிறகு ஒரு சொல் மிச்சமில்லாமல் அவர் சொன்னபடியே திருத்தினேன். அவர் பார்க்காமல் நான் ஒன்றையும் அச்சுக்குக் கொடுத்தது கிடையாது.

இப்போது அவருக்குக் கண் தெரியாது. கண்ணின் அழுத்தம் கூடிக் கூடி, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். அண்ணி முகத்துவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. சிங்கள மொழியில் படித்தவர். தமிழ் தண்ணீர்போலப் பேசுவார், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆகவே அண்ணாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது அவருடைய போன்தான். பேப்பர், கடிதம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற தாள், எல்லாமே. நான் என் பிரதியை, போனுக்குத் தமிழென்றே தெரியாத ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தேன். அதை அனுப்பியபோது அவருடைய போன் ஆங்கில எழுத்துகளாக ஏதேதோ உளறியதாம்.

“ஆஸ்பத்திரியிலை மருந்துப் பேர் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு,” என்றார். “நீ அதை ஒழுங்கா மின்னூலாக்கு. கண்ணாலை ஏலாது, காதாலை வாசிச்சுத் திருத்தித் தாறன்.”

மின்னூல் பிறந்த கதை இதுதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் தடவை அந்த மேல்மாடிக்குப் போனபோது அவள் கேட்டாள், “கொப்பி அடிக்கேலாமல் பூட்டுப் போடுவமா அன்ரி?”

பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பழைய கொதி கிளம்பிவிட்டது. என் இரண்டாவது புத்தகத்தை யாரோ ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, ஒன்றாகக் கட்டி, உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவனுடைய பெருவிரல். அது சுற்றிச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. “அக்கா, நல்ல புத்தகமாம், வாசிச்சுப் பாருங்கோ,” என்று தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி அனுப்பியிருந்தாள். எழுதியவள் பெயரை அவள் பார்க்கவேயில்லை. அது போதாதென்று, ஒரு யூடியூப் சேனல்காரர் அதிலுள்ள ஒரு கதையை மெஷின் குரலில் வாசிக்க விட்டு, பின்னால் கடலில் சூரியன் இறங்குகிற படத்தையும் போட்டிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. மகனைப் பறிகொடுத்த தாய் கதறுகிற இடத்தில் அந்தக் குரல் ரயில் வருகிற நேரம் அறிவிப்பதுபோல வாசித்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

“போடுங்கோ,” என்றேன். “இருக்கிற பூட்டெல்லாம் போடுங்கோ.”

அவள் ஒரு கையால் திரையை என் பக்கம் திருப்பினாள். எல்லாம் ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒருவர் எத்தனை போனில் திறக்கலாம்? ஒன்று. இரண்டாவது விடுவோம், சனம் போன் மாற்றும் என்றாள். சரி, இரண்டு. அச்செடுக்க விடலாமா? கூடாது. ஒரு பந்தியையாவது வெட்டி எடுக்க விடலாமா? எதற்கு, கூடாது. நான் ‘கூடாது’ என்று சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு தென்பு வந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் கட்டளையை மொழிபெயர்த்தவளுக்குச் சொந்தமாகக் கட்டளையிட ஒரு சந்தர்ப்பம்.

“மெஷின் குரல் சத்தமா வாசிக்க விடுறதா?”

“வேண்டாம். வேண்டவே வேண்டாம்.”

கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் முதல் தடவையாக இரண்டு கையையும் கீபோர்ட்டிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். “ஷுவரா அன்ரி?”

“ஷுவர்.”

யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினேனோ, அந்த மனிதர் அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று எத்தனையோ தடவை என்னையே கூண்டில் ஏற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். களவெடுத்தவனின் பெருவிரல் என் கண்ணை அப்படி மறைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியீட்டுக்குச் சில நாள் முன்னதாகவே அண்ணாவின் போனுக்கு முதல் பிரதி போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் கழித்து அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

“எப்பிடி அண்ணா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடு,” என்றார்.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் ஆயுளில் அவர் வாயால் கேட்காத வசனம் அது. ஒன்றில் நான் ஒருவழியாக எழுதப் பழகிவிட்டேன், அல்லது அவருக்கு வயது போய்விட்டது. இரண்டில் எது என்று குழம்பினேன். குழம்பிவிட்டு, எனக்குப் பிடித்ததையே எடுத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனபோது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

வெளியீட்டு விழாவில் இன்னொரு குழப்பம். முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ளச் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஆனால் கொடுப்பதற்குப் பிரதி என்று ஒன்று இல்லை. மேல்மாடிப் பெண்தான் அட்டைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, போனில் படம் பிடித்தால் புத்தகத்துக்குக் கொண்டுபோகிற அந்தக் கறுப்புச் சதுரத்தையும் மூலையில் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தந்தாள். பெரியவர் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். பிறகு மெதுவாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பக்கங்களைத் தேடியிருக்க வேண்டும். அண்ணா முன்வரிசையில் அண்ணியோடு இருந்தார். மேடையால் இறங்கி வந்தபோது, “நல்லாக் கதைச்சனி,” என்றார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் போயிருக்கும். என்னோடு வேலை பார்த்த பதிவாளர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஏழாம் அத்தியாயம் ரெண்டு தரம் வருது. எட்டாம் அத்தியாயத்தைக் காணேல்லை.”

திறந்து பார்த்தேன். உண்மை. ஒரு அத்தியாயம் முழுவதும் இரட்டையாக நின்றது. அரைப்புள்ளி விட்டுப் போனாலே என்னைச் சும்மா விடாத மனிதர், ஒரு முழு அத்தியாயத்தைக் கோட்டை விட்டிருக்கிறார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியெல்லாம் அவரை ஏசுவதற்கு வசனம் கட்டிக்கொண்டு போனேன்.

செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றே தொடங்கினேன். “அண்ணா, நித்திரையோ கொண்டனீங்கள்? எல்லாம் சரியெண்டு சொன்னனீங்களே, எட்டாம் அத்தியாயம் எங்கை? சபையிலை நான் என்ன முகத்தோடை நிண்டனான்?”

அண்ணா கதிரையில் அப்படியே இருந்தார். அண்ணிதான் குசினிக்குள்ளிருந்து வந்து சொன்னார். “அவரு அத கேக்கவே இல்ல. போன் வாசிக்கல்ல.”

அண்ணா போனை எடுத்தார். விரலால் தடவித் தடவி என் புத்தகத்தைத் திறந்தார். ஒரு ஆங்கிலப் பெண்குரல் தெளிவாக, மரியாதையாக ஒரு வசனம் சொல்லிவிட்டு நின்றது. பழக்கதோஷத்தில் என் தலைக்குள் அது உடனே தமிழானது. வெளியீட்டாளரின் விருப்பப்படி இந்த நூலைச் சத்தமாக வாசிக்க அனுமதி இல்லை.

வெளியீட்டாளர் நான்தான்.

“முதல் நாள் போன் பழுதெண்டு நினைச்சன்,” என்றார் அண்ணா. “திருப்பித் திருப்பிக் கேட்ட பிறகுதான் வசனம் விளங்கிச்சு.”

“விளங்கினால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணா!”

“நீ வேணுமெண்டுதான் செய்தனி எண்டு நினைச்சன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். “எனக்கு விளங்கேல்லை.”

“ரெண்டு புத்தகத்துக்கும் உன்னைப் பாடாய்ப் படுத்திப் போட்டன்தானே,” என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “இந்த ஒண்டையாவது என்ரை பேனை படாமல் விடுவம் எண்டு நீ நினைச்சிருப்பாய். நேரை சொல்ல மனம் வந்திராது. அதிலை பிழையில்லை. அதுதான் சரியெண்டு சொன்னனான்.”

நான் அழுதேன். சேனலைப் பற்றி, பெருவிரலைப் பற்றி, அந்தக் கட்டங்களைப் பற்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னேன். உங்களுக்காகத்தான் இதை மின்னூலே ஆக்கினேன் என்று சொன்னேன். எத்தனையோ பேரின் சாட்சியத்தைப் பிசகாமல் மொழிபெயர்த்தவளுக்குத் தன்னுடைய சாட்சியத்தைச் சொல்ல வரவில்லை. எனக்கே அது பொய்போலக் கேட்டது. கள்ளனுக்குப் போட்ட பூட்டு எப்படிச் சொந்த அண்ணாவில் போய் விழும் என்று யாரும் கேட்டால், நான் என்ன சொல்ல?

“ஓம், ஓம், விடு,” என்றார் அண்ணா. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையிலேயே மேல்மாடிக்குப் போய் எல்லாப் பூட்டையும் கழற்றச் சொன்னேன். விற்ற பிரதிகளில் கழற்ற முடியாது, இனிப் போடுவதில்தான் முடியும் என்றாள். புதிதாகப் போடுங்கள் என்றேன். எட்டாம் அத்தியாயத்தையும் சேர்த்தோம். பூட்டில்லாத பிரதி அண்ணாவின் போனுக்குப் போனது. இப்போது தினமும் பின்னேரத்தில் போன் அவருக்கு ஒரு அத்தியாயம் வாசிக்கிறது, பிறகு அவர் என்னைக் கூப்பிடுகிறார். பிழைகள் நிறைய இருக்கின்றன. அவர் ஒன்றையும் தவற விடவில்லை.

ஆனால் ஒவ்வொரு பிழையையும் சொல்லுமுன் சற்று நிறுத்தி, “சொல்லட்டோ?” என்று என்னிடம் அனுமதி கேட்கிறார்.