நாற்பத்தேழாம் எண்ணின் அட்டை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த அவளிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு மாத நாவல்கள் இருந்தன. பெரும்பாலும் துப்பறியும் கதைகள். முதல் அறுபதுக்கு அட்டை கிடையாது. பள்ளி நாட்களில் அப்பா போட்ட நிபந்தனை அது.

"உள்ள எத்தனை கொலை வேணா நடக்கட்டும். துப்பாக்கி புடிச்ச பொம்பளப் படம் மட்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்பார். தையல்காரரான அவர் தன் கத்திரியாலேயே அட்டையை வெட்டிக்கொண்டு புத்தகத்தை மகளிடம் கொடுப்பார். இதனால் சேகரிப்பாளர் குழுவில் அவளுக்கு மொட்டையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மாத நாவல் வரிசையைப் புதிய பதிப்பாளர் ஒருவர் பழைய அட்டைப்படங்களோடு மறுபடி அச்சிடத் தொடங்கினார். அவளுக்கு உயிரான நாற்பத்தேழாம் எண் அவளைத் தவிர யாரிடமும் இல்லை. அவளிடமோ அட்டை இல்லை. புத்தகம் கடையில் தொங்கியபோது அந்த அட்டையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள்: துப்பாக்கி விசையில் விரல், விரலில் சிவப்பு நகப்பூச்சு.

பதிப்பாளர் போனில் கறாராகச் சொன்னார். "ஜனங்க வாங்குறதே படத்துக்காகத்தான் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா அந்த நம்பரை விட்டுட்டுப் போயிடுவோம்."

வியாழக்கிழமை மாலை வெள்ளைக் கோட்டின் பொத்தான் அறுந்துபோனதால் அவள் அப்பாவின் கடைக்குப் போனாள். அவர் துணிமேல் ஒரு அட்டையை வைத்துக் காலருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அட்டையின் ஓரம் தூக்கியபோது அடியில் ஒரு சிவப்பு நகம் தெரிந்தது.

"அப்பா, அதக் கொஞ்சம் திருப்புங்க."

காலர் வடிவத்தில் துப்பாக்கியும் அதைப் பிடித்த கையும்.

"நீங்கதானப்பா வரக்கூடாதுன்னீங்க?"

"வீட்டுக்குத்தானே சொன்னேன்? இது கடை. நல்ல கெட்டி அட்டைம்மா, இத்தனை வருஷத்துல மடங்கவே இல்ல."

"மிச்சம் எங்க?"

ஆணியில் தொங்கிய அளவு அட்டைக் கட்டிலிருந்து, சட்டைக் கை முனைக்கான கஃப் அட்டையையும் பாக்கெட் அட்டையையும் உருவினார். கஃப்பில் தலைப்பு, பாக்கெட்டில் முகம். இஸ்திரி மேசையில் மூன்றையும் சேர்த்து வைத்தாள். விலை போட்டிருந்த மூலை மட்டும் இல்லை.

"எடுத்துட்டுப் போறேன்பா."

"விளையாடுறியா? நாளைக்கு ஆறு சட்டை குடுக்கணும். காலர் கோணினா உன்னையா திட்டுவாங்க?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அன்று காலைதான் வாங்கிய புது நாவல். பாதி படித்திருந்தாள், கொலையாளி இன்னும் பிடிபடவில்லை. அட்டையில் தொப்பி வைத்த ஒருத்தி, கையில் துப்பாக்கி. அப்பாவின் கத்திரியை எடுத்து அவளே வெட்டினாள்.

அவர் அதைச் சுண்டிப் பார்த்தார். "மொழுமொழுன்னு இருக்கு. துணிமேல நழுவும்."

பிறகு பழைய காலர் அட்டையை அதன்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். "பொறு, கஃப்பையும் எடுத்துக்கறேன்."

நாற்பத்தேழாம் எண் வெளிவந்துவிட்டது. அட்டையில் துப்பாக்கி பிடித்த கையின் மணிக்கட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு லேசாகத் தெரியும். புது நாவலை அவள் மொட்டை வரிசையில் அறுபத்தொன்றாவதாக வைத்திருக்கிறாள்.